பழைய பைதான்லயும் ஓடணும், புதுசுலயும் ஓடணும்: எரர பாத்து எங்க கை வைக்கிறது

ஒரே ஸ்கிரிப்ட்டு மூணு மெஷின்ல ஓடணும், ஒண்ணுல பைதான் 2.7, ஒண்ணுல 3.6, புதுசா செட்டப் பண்ணதுல 3.13. "பழசெல்லாம் அப்டேட் பண்ணுங்கப்பா"ன்னு சொல்றவங்க சொல்லிட்டு போயிடுவாங்க. அவங்க சொல்றதும் தப்பில்ல, 2.7-க்கு 2020 ஜனவரி 1-ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, கடைசியா 2.7.18 அந்த வருஷம் ஏப்ரல்ல வந்ததோட சரி, அதுக்கப்புறம் செக்யூரிட்டி ஃபிக்ஸ் கூட கிடையாது. ஆனா அந்த மெஷின்ல கை வைக்கிற அதிகாரம் நமக்கு இல்லன்னா ஓட வெச்சுதான் ஆகணும். அதோட இது 2-க்கும் 3-க்கும் நடுவுல மட்டும் நடக்குற தகராறுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, 3-க்குள்ளயே ஒவ்வொரு வெர்ஷனுக்கும் எதையாவது தூக்கிட்டே இருக்காங்க, அதனால 3.6-ல சமத்தா ஓடுனது 3.12-ல படுத்துக்கும்.

அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்களுக்கு வர்ற எரர் எதுவோ நேரா அங்க போயிடுங்க. "எரரே வரல, ஆனா விடை தப்பு"ங்கிற பகுதிய மட்டும் எரர் வராதவங்களும் படிச்சிடுங்க. கத்துற எரர ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடலாம், கத்தாதது மாசக்கணக்குல தப்புக் கணக்கு போட்டுட்டு உக்காந்திருக்கும்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் ஆரம்பிக்கவே இல்ல, "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

பைதான்னு வெறுமனே அடிச்சா எந்த வெர்ஷன் வரும்ங்கிறது மெஷினுக்கு மெஷின் மாறும். பழைய லினக்ஸ்ல 2.7 வரும், புதுசுல பலதுல அந்தப் பேர்ல கமாண்டே இருக்காது, பைதான்3-ன்னு அடிச்சாதான் உண்டு. மேக்ல 12.3-ல இருந்து சிஸ்டத்தோட வந்துட்டிருந்த 2.7-ஐ ஆப்பிளே எடுத்துட்டாங்க. ஃபைலோட முதல் வரியில, அதான் ஷிபாங், பைதான்னு இருக்கா பைதான்3-ன்னு இருக்கான்னு பாருங்க.

அந்த வரி சரியாத்தான் இருக்கு, அப்பவும் "நோ சச் ஃபைல்"னு வருதா? எரர் மெசேஜ நல்லா உத்துப் பாருங்க, பைதான்3-க்குப் பின்னாடி ஒரு பின்சாய்வுக்கோடும் ஆர் எழுத்தும் ஒட்டிட்டு இருக்கும். விண்டோஸ்ல சேவ் பண்ணதால வரி முடிவு மாறிப்போச்சு, அவ்ளோதான், எடிட்டர்ல லைன் எண்டிங்க யூனிக்ஸ் வகைக்கு மாத்தி சேவ் பண்ணுங்க.

கையால ஓட்டுனா ஓடுது, குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற கிரான்ல போட்டா ஓடலன்னா கிரானுக்கு பாத் (கமாண்ட தேடுற ஃபோல்டர் பட்டியல்) வேற, அதனால அது வேற பைதான எடுக்குது. சந்தேகமே வேணாம், ஸ்கிரிப்ட்டு தலையில சிஸ் மாட்யூல்ல இருந்து வெர்ஷன்_இன்ஃபோவையும் எக்ஸிக்யூட்டபிளையும் பிரிண்ட் பண்ணி பாருங்க. கீழ சொல்றது எதுவும் இத பாக்காம வேலைக்கு ஆகாது.

அறிகுறி: சின்டாக்ஸ் எரர்

"மிஸ்ஸிங் பேரன்தீசிஸ் இன் கால் டு பிரிண்ட்"னு வந்தா எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, 2-ல பிரிண்ட் ஒரு ஸ்டேட்மென்ட், 3-ல ஃபங்ஷன். அடைப்புக்குறி போட்டா ரெண்டுலயும் ஓடிடும்னு சொல்லுவாங்க, பாதிதான் உண்மை. கமா போட்டு ரெண்டு மதிப்பு குடுத்தீங்கன்னா 2.7 அத டியூப்பிள்னு (பல மதிப்ப சேத்துக் கட்டுன ஒரே பொருள்) எடுத்துக்கிட்டு அடைப்புக்குறி, மேற்கோள் எல்லாத்தோடயும் அச்சடிக்கும். அதனால ஃபைல் தலையிலயே ஃபியூச்சர் (__future__) மாட்யூல்ல இருந்து பிரிண்ட்_ஃபங்ஷன இம்போர்ட் பண்ணிடுங்க, டிவிஷன், யூனிகோட்_லிட்டரல்ஸ் எல்லாமும் அங்கதான் கிடைக்கும். கமென்ட்டும் டாக்ஸ்ட்ரிங்கும் மட்டும் அதுக்கு மேல இருக்கலாம், வேற இம்போர்ட் முன்னாடி வந்தா அதுக்கே ஒரு சின்டாக்ஸ் எரர் குடுக்கும்.

எக்ஸெப்ட்டுக்கு அப்புறம் கமா போட்டு வேரியபிள் பேர் குடுக்குற பழைய ஸ்டைல் 3-ல ஓடாது, கமாவுக்கு பதிலா ஆஸ் போடுங்க, 2.6-ல இருந்தே அது உண்டு. இதுல புதுசா ஒரு வம்பு வந்திருக்கு. 3.14-ல பல எக்ஸெப்ஷன அடைப்புக்குறி இல்லாம கமா போட்டு எழுதலாம்னு விட்டுட்டாங்க, அதனால அந்தப் பழைய வரி அங்க சின்டாக்ஸ் எரர் தராது, நல்ல பிள்ளையா கம்பைல் ஆகும், நெஜமா எக்ஸெப்ஷன் வர்ற அன்னிக்கு அந்த வேரியபிள் பேர ஒரு எக்ஸெப்ஷன் வகைன்னு நெனச்சு தேடிட்டு நேம் எரர் குடுக்கும்.

ஃபைல் அனுமதி மாத்துற சிஎச்மாட்ல 0755-ன்னு எழுதியிருந்தா 3 ஒத்துக்காது, சைபருக்கு அடுத்து ஆங்கில ஓ போட்டு 755 எழுதணும், 2.6-லயும் ஓடும். டேபும் ஸ்பேசும் கலந்திருந்தா 2 கண்டுக்காம விட்டுடும், 3 டேப் எரர் குடுக்கும், எடிட்டர்ல மொத்தமா ஸ்பேஸா மாத்திடுங்க. அசிங்க்னு ஒரு வேரியபிளோ ஆர்கியுமென்ட்டோ வெச்சிருந்தா 3.7-ல இருந்து அது ரிசர்வ்டு வார்த்தை, பேர மாத்துறத தவிர வழியில்ல.

இப்ப எதிர்ப்பக்கம், புதுசுல எழுதி பழசுல ஓட்டுறவங்களுக்கு. எஃப் ஸ்டிரிங் (மேற்கோளுக்கு முன்னாடி எஃப் போட்டு உள்ளயே வேரியபிள் எழுதுறது) 3.6-ல இருந்துதான், வால்ரஸ் (:= குறி) 3.8, மேட்ச் கேஸ் 3.10. எஃப் ஸ்டிரிங்குக்கு உள்ளயே வெளிய போட்ட அதே மேற்கோள திரும்ப போடுறது 3.12-லதான் செல்லும், 3.11-ல போட்டா சின்டாக்ஸ் எரர், இது நிறைய பேருக்குத் தெரியாம "எஃப் ஸ்டிரிங் இருக்கே, அப்புறம் ஏன்"னு முழிப்பாங்க.

ஃபைல் தலையில வெர்ஷன் செக் போட்டிருக்கேனே, "3.8 வேணும்"னு மெசேஜ் வராம ஏன் சின்டாக்ஸ் எரர் வருதுன்னு அடிக்கடி கேக்குறாங்க. பைதான் முதல் வரிய ஓட்டுறதுக்கு முன்னாடி முழு ஃபைலையும் கம்பைல் பண்ணுது, இருநூறாவது வரியில வால்ரஸ பாத்ததும் அங்கயே நின்னுடும், உங்க செக் ஓடவே ஓடாது. வழி என்னன்னா ரெண்டு ஃபைலா பிரிங்க. முதல் ஃபைல் சின்னது, எந்தக் காலத்து பைதானுக்கும் புரியிற மாதிரி எழுதுனது, வெர்ஷன பாத்து பத்தலன்னா மெசேஜ் சொல்லிட்டு வெளியேறும், சரியா இருந்தா ரெண்டாவது ஃபைல இம்போர்ட் பண்ணும். புதுசு எல்லாம் ரெண்டாவதுல இருக்கட்டும். முதல் ஃபைல்ல மெசேஜ தமிழ்ல எழுதப் போறீங்கன்னா முதல் ரெண்டு வரிக்குள்ள கோடிங் யூடிஎஃப்-8-ன்னு அந்தக் கமென்ட்ட போட மறக்காதீங்க, இல்லன்னா 2.7 "நான்-ஆஸ்கி கேரக்டர்"னு அதுக்கே சின்டாக்ஸ் எரர் குடுக்கும், தமிழ் வெறும் கமென்ட்ல இருந்தாலும் விடாது.

அறிகுறி: வெர்ஷன் செக்கே தப்பா சொல்லுது

3.10-ல ஓட்டுறீங்க, ஆனா ஸ்கிரிப்ட் "உங்க பைதான் ரொம்ப பழசு"ங்குதா? யாரோ வெர்ஷன ஸ்டிரிங்கா எடுத்து முதல் மூணு எழுத்த வெட்டியிருக்காங்க. 3.9 வரைக்கும் அது சரியா வந்துச்சு, 3.10-ல முதல் மூணு எழுத்து 3.1. முழுசா எடுத்தாலும் ஸ்டிரிங் கம்பேரிசன்ல 3.10 சின்னது 3.9 பெருசு. வெர்ஷன்_இன்ஃபோங்கிற டியூப்பிள இன்னொரு டியூப்பிளோட ஒப்பிடுங்க, வேற எந்த முறையும் வேணாம். முடிஞ்சா வெர்ஷனையே கேக்காதீங்க, வேணுங்கிற மாட்யூலோ ஃபங்ஷனோ இருக்கான்னு ட்ரை பண்ணி பாக்குறது இன்னும் நல்லது.

அறிகுறி: இம்போர்ட் எரர், மாட்யூல் நாட் ஃபவுண்ட்

2-ல இருந்து வர்ற ஸ்கிரிப்ட்டுன்னா பேர் மாறியிருக்கும். யூஆர்எல்லிப்2 போய் யூஆர்எல்லிப் டாட் ரிக்வெஸ்ட் ஆச்சு, கான்ஃபிக்பார்சர், க்யூ, டிகேஇன்டர் எல்லாம் பெரிய எழுத்துல இருந்து சின்ன எழுத்துக்கு வந்துடுச்சு. ட்ரைக்குள்ள புதுப் பேர், எக்ஸெப்ட்ல பழைய பேர். ரெண்டு விஷயம் கவனிங்க. பிடிக்க வேண்டியது இம்போர்ட் எரர்தான், மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர் 3.6-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்தப் பேரே கிடையாது. அப்புறம் வெறும் எக்ஸெப்ட் போடாதீங்க, உள்ள வேற என்ன கோளாறு இருந்தாலும் மறைச்சிடும். பேர் மாத்தம் இருபது முப்பது இடத்துல வருதுன்னா சிக்ஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, இதுக்காகவே எழுதுனது, போட்டுக்கோங்க. ஆனா 3.12-ல "சிக்ஸ் டாட் மூவ்ஸ் இல்ல"ன்னு வந்தா எங்கயோ பழைய சிக்ஸ் ஒட்டிட்டு இருக்கு, 1.16-க்கு மேல ஏத்துங்க.

3-ல இருந்து 3-க்கு வர்றவங்களுக்கு தூக்குன பட்டியல் நீளம், அடிக்கடி மாட்டுறத மட்டும் சொல்றேன். டைம் டாட் கிளாக் 3.8-ல போச்சு, பெர்ஃப்_கவுன்டர் போடுங்க. கலெக்ஷன்ஸ்ல நேரா மேப்பிங், இட்டரபிள் எடுக்குறது 3.10-ல போச்சு, கலெக்ஷன்ஸ் டாட் ஏபிசி-ல இருந்து எடுங்க, 3.3-ல இருந்தே அங்க இருக்கு. டிஸ்ட்யூட்டில்ஸும் இம்ப்பும் 3.12-ல போச்சு, யூனிட்டெஸ்ட்ல அசர்ட்ஈக்வல்ஸ்னு கடைசியில எஸ் போட்டு எழுதுறதும் அதோட போச்சு. சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் எல்லாம் 3.13-ல. 2-ல இருந்து 3-க்கு தானா மாத்திக் குடுத்துட்டிருந்த 2டு3 டூலயே 3.13-ல எடுத்துட்டாங்க, அதனால மாத்துறவங்க பழைய 3-ல வெச்சு மாத்திக்கோங்க.

ட்ரேஸ்பேக்குல (எரர் எந்தெந்த ஃபைல் வழியா வந்துச்சுன்னு காட்டுற பட்டியல்) கடைசியா வர்ற ஃபைல் பாத்த பாருங்க. சைட்-பேக்கேஜஸ்னு இருந்தா தப்பு உங்க கோடுல இல்ல, லைப்ரரி பழசு, உங்க ஸ்கிரிப்ட்ட நோண்டாம அத அப்கிரேட் பண்ணுங்க.

லைப்ரரி இன்ஸ்டால் பண்ற பிப்பே சின்டாக்ஸ் எரர் குடுக்குதுன்னு சிலர் பதறுவாங்க. 2.7-க்கு கடைசியா வேலை செஞ்ச பிப் 20.3 வரிசை, 21-ல இருந்து எஃப் ஸ்டிரிங் போட்டு எழுதியிருக்காங்க, அத 2.7-ல எடுத்துப் போட்டா முதல் வரியிலயே மூக்கு உடையும்.

அறிகுறி: பைட்ஸ், ஸ்டிரிங், யூனிகோட் சம்பந்தமான எதுவும்

நேரம் அதிகமா தின்னுறது இதுதான், தமிழ் டேட்டா வெச்சு வேலை பாக்குறவங்களுக்கு இன்னும் அதிகம். 2-ல சாதாரண ஸ்டிரிங்ங்கிறது பைட்டு வரிசை, 3-ல அது எழுத்து வரிசை. "தமிழ்"ங்கிற சொல்ல 2.7-ல சாதாரண மேற்கோள்ல போட்டு, ஃபைல் யூடிஎஃப்-8-ல இருக்கும்போது, லென் கேட்டா 15 வரும், 3-ல கேட்டா 5 வரும். நம்ம கண்ணுக்கு தெரியிறது 3. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஆக 5 கோட் பாயின்ட் (யூனிகோட்ல தனி எண் உள்ள குறி), ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். நீளம் பாத்து வெட்டுற கோடு ஏதாவது இருந்தா 2.7-ல எழுத்து நடுவுல உடைஞ்சு கேள்விக்குறியா வரும், 3-ல புள்ளி மட்டும் தனியா கழண்டு விழும்.

"ஆஸ்கி கோடெக் கான்ட் டீகோட் பைட்"னு எரர் வந்தா அந்தப் பைட்டோட எண்ண பாருங்க. ஹெக்ஸ்ல இ0, அதாவது 224-ன்னு இருந்தா பெரும்பாலும் அது தமிழ் எழுத்தோட முதல் பைட்தான், தமிழ் பகுதி முழுக்க யூடிஎஃப்-8-ல அதுலதான் ஆரம்பிக்கும். டேட்டா கெட்டுப்போகல, யாரோ எங்கயோ என்கோடிங் சொல்லாம திறந்திருக்காங்க. ரெண்டு வெர்ஷன்லயும் ஓடுற தீர்வு, வெறும் ஓப்பனுக்கு பதிலா ஐஓ மாட்யூல்ல இருக்குற ஓப்பன எடுத்து என்கோடிங் யூடிஎஃப்-8-ன்னு சொல்லித் திறக்குறது. விண்டோஸ்ல 3 போட்டிருக்கேன் எனக்கு இது தேவையில்லன்னு நெனைக்காதீங்க, அங்க என்கோடிங் சொல்லலன்னா சிஸ்டத்தோட பழைய கோட் பேஜ எடுத்துக்கும், "சார்மேப் கோடெக்"னு எரர் வர்றது அதனாலதான்.

டெர்மினல்ல தமிழ் அழகா வருது, ஃபைலுக்கு திருப்பி விட்டா என்கோட் எரர் வருதுன்னா அது 2.7-ஓட பழக்கம், அவுட்புட் டெர்மினல் இல்லன்னு தெரிஞ்சதும் ஆஸ்கிக்கு போயிடும். 3.6-லயும் கிரான் மாதிரி லோக்கேல் (மொழி, எழுத்து செட்டிங்) செட் ஆகாத இடத்துல இதே வரும், 3.7-ல சரி பண்ணிட்டாங்க. பைதான்ஐஓஎன்கோடிங்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள யூடிஎஃப்-8-ன்னு வெச்சா ரெண்டுக்கும் ஒரே மருந்து.

அவுட்புட்ல எழுத்துக்கு முன்னாடி ஒரு ஆங்கில பி-யும் மேற்கோளும் வருதா? பைட்ஸ எடுத்து டீகோட் பண்ணாம ஸ்டிரிங் ஃபங்ஷனுக்குள்ள போட்டிருக்கீங்க. சப்பிராசஸ்ல வர்ற அவுட்புட்ல இது ரொம்ப சகஜம், யூனிவர்சல்_நியூலைன்ஸ ட்ரூ குடுத்தா 3-ல டெக்ஸ்ட்டாவே வரும், 2.7-லயும் அந்த ஆர்கியுமென்ட் உண்டு. டெக்ஸ்ட்ங்கிற சின்னப் பேர் 3.7-ல இருந்துதான், பழசுல டைப் எரர்.

சிஎஸ்வி மட்டும் தனி ஜென்மம். 2-ல பைனரி மோட்ல திறக்கணும், 3-ல டெக்ஸ்ட் மோட்ல நியூலைன காலியா குடுத்து திறக்கணும். ரெண்டுக்கும் சேத்து ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி உள்ள வெர்ஷன பாத்து பிரிச்சு விடுங்க, வேற வழி தேடி நேரத்த வீணடிக்க வேணாம். விண்டோஸ்ல வரிக்கு வரி நடுவுல காலி வரி வருதுன்னா அந்த நியூலைன விட்டுட்டீங்க.

அறிகுறி: எரரே வரல, ஆனா விடை தப்பு

5/2 போட்டா 2-ல 2, 3-ல 2.5. ஃபியூச்சர்ல இருந்து டிவிஷன எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடும், முழு எண் வேணுங்கிற இடத்துல ரெட்டைச் சாய்வுக்கோடு // போடுங்க. சிலர் அதுக்கு பதிலா வகுத்துட்டு இன்ட்டுக்குள்ள போடுவாங்க, அது ஒண்ணு இல்ல. -7-ஐ 2-ஆல // போட்டு வகுத்தா ரெண்டு வெர்ஷன்லயும் -4, 3-ல வகுத்து இன்ட் போட்டா -3. ரொம்ப பெரிய எண்ணா இருந்தா நடுவுல ஃப்ளோட்டா மாறி கடைசி இலக்கமும் போயிடும். ரவுண்டும் மாறிடுச்சு, 2.5-ஐ ரவுண்ட் பண்ணா 2-ல 3.0, 3-ல 2, சரிபாதியில நின்னா இரட்டைப்படை பக்கம் போகும். பணக் கணக்குன்னா டெசிமல் மாட்யூல போட்டு எந்த ரவுண்டிங்னு நீங்களே சொல்லிடுங்க.

மேப் இன்னும் மோசம். ஃபைல் லிஸ்ட்ட குடுத்து மேப்ல ஓஎஸ் டாட் ரிமூவ போட்டு பழைய ஃபைல அழிக்கிற ஸ்கிரிப்ட் ஒண்ணு இருக்குன்னு வைங்க. 2-ல அழிக்கும். 3-ல எரர் இல்லாம முடியும், ஒரு ஃபைல் கூட அழிஞ்சிருக்காது, ஏன்னா மேப் இப்ப சோம்பேறி, யாராவது வந்து மதிப்ப கேட்டாதான் வேலை செய்யும். டிஸ்க் நிரம்புற அன்னிக்குதான் தெரிய வரும். அதே மாதிரி ஜிப், ஃபில்டர் ரிசல்ட்ட ரெண்டு தடவ லூப்ல ஓட்டுனா ரெண்டாவது தடவ காலி. வேலை நடக்கணும்னா ஃபார் லூப் எழுதுங்க, லிஸ்ட் வேணும்னா லிஸ்ட்டுக்குள்ள போடுங்க.

ஒப்பிடுறது. சிஎஸ்வில இருந்து வந்த வயசு ஸ்டிரிங்காவே இருக்கு, அத 18-ஐ விட பெருசான்னு கேட்டா 2 எப்பவுமே ட்ரூன்னு சொல்லும், "5"-ஆ இருந்தாலும் ட்ரூதான். 3 டைப் எரர் குடுக்கும். இந்த இடத்துல 3-ஐ திட்டாதீங்க, பழைய ஸ்கிரிப்ட் இத்தனை நாளா தப்பா ஓடிட்டிருந்தத அதுதான் காட்டிக் குடுக்குது. ஆனா பைட்ஸையும் ஸ்டிரிங்கையும் ஈக்வலான்னு கேட்டா 3 சத்தமில்லாம ஃபால்ஸ்னு சொல்லிடும், மைனஸ் பிபி-ன்னு ஃப்ளாக் போட்டு ஓட்டுனா அதையும் எரரா கக்கும்.

இன்புட் விஷயத்துல ஆபத்தே இருக்கு. 3-க்கு எழுதுன ஸ்கிரிப்ட்ட 2-ல ஓட்டுனா இன்புட் ஃபங்ஷன் யூசர் அடிக்கிறத கோடா நெனச்சு ஓட்டிடும். ட்ரைக்குள்ள இன்புட்ங்கிற பேருக்கு ரா_இன்புட்ட வைங்க, நேம் எரர் வந்தா பாஸ். டிக்ஷனரி வரிசைய நம்பி எழுதியிருந்தா 3.7-ல இருந்துதான் போட்ட வரிசை உறுதி, பழசுக்கு ஆர்டர்டுடிக்ட்.

அறிகுறி: "டைப் ஆப்ஜெக்ட் இஸ் நாட் சப்ஸ்கிரிப்டபிள்"

லிஸ்ட்டுக்கு சதுர அடைப்புல இன்ட் போட்டு டைப் ஹின்ட் எழுதுனது 3.9-ல இருந்து, செங்குத்துக் கோடு போட்டு நன் சேக்குறது 3.10-ல இருந்து. ஃபியூச்சர்ல இருந்து அனோட்டேஷன்ஸ எடுத்தா 3.7, 3.8-லயும் தாண்டிடும், 3.6-ல அந்த இம்போர்ட்டே செல்லாது. ஹின்ட்டுக்கு வெளிய, டைப்புக்கு வேற பேர் வைக்கிற இடத்துல எழுதியிருந்தா அதுவும் காப்பாத்தாது, டைப்பிங் மாட்யூல்ல இருக்குற பெரிய எழுத்து லிஸ்ட்டையும் ஆப்ஷனலையும் போடுங்க. "டிக்ட் கீஸ் சப்ஸ்கிரிப்டபிள் இல்ல"ன்னு வந்தா அது வேற, கீஸ லிஸ்ட்டா மாத்திட்டு இன்டெக்ஸ் போடுங்க.

அறிகுறி: "அன்சப்போர்டட் பிக்கிள் புரோட்டோகால்"

3-ல எழுதுன பிக்கிள் ஃபைல (பைதான் டேட்டாவ அப்படியே சேமிச்சு வெச்சது) 2-ல திறக்குறீங்க. எழுதும்போதே புரோட்டோகால் 2-ன்னு சொல்லுங்க. எளிமையான டேட்டான்னா ஜேசானுக்கு போயிடுங்க, நான் பிக்கிள் பக்கமே போக மாட்டேன்.

எல்லாம் மாத்தியாச்சு, சரியான்னு எப்படி பாக்குறது

முதல்ல எந்தெந்த வெர்ஷன்னு ஒரு எல்லை போடுங்க, "எல்லாத்துலயும்"னு சொன்னா முடியாது. கீழ் எல்லை 3.6-ன்னு முடிவாச்சுன்னா சிக்ஸ், ஃபியூச்சர் பிரிண்ட் எல்லாத்தையும் தூக்கிடலாம், கோடு நல்லா குறையும். ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு குறைஞ்சபட்சம் எந்த வெர்ஷன் வேணும்னு சொல்ல வெர்மின்னு ஒரு டூல் இருக்கு, ஓட்டி பாருங்க, ஆனா அத மட்டும் நம்பி விட்டுடாதீங்க, மேப், வகுத்தல் மாதிரி அர்த்தம் மாறுனத கோட பாத்து அதால சொல்ல முடியாது.

அதுக்கு ஒரே வழி, ஒரே இன்புட்ட கீழ் எல்லை பைதான்லயும் மேல் எல்லை பைதான்லயும் குடுத்து ரெண்டு அவுட்புட்டையும் ஃபைலா எடுத்து, வித்தியாசம் காட்டுற டிஃப் கமாண்ட் போடுறது. பழைய பைதான் கையில இல்லன்னா டாக்கர்ல 2.7 இமேஜ் இன்னமும் கிடைக்குது. அந்த இன்புட்ல வேணும்னே ஒரு தமிழ்ச் சொல், ஒரு மைனஸ் எண், 2.5 மாதிரி பாதியில நிக்கிற எண், ஒரு காலி செல், இதெல்லாம் இருக்கட்டும். அப்புறம் புதுசுல ஓட்டும்போது மைனஸ் பெரிய டபிள்யூ போட்டு டீஃபால்ட்னு குடுங்க, மறைச்சு வெச்சிருக்குற டெப்ரிகேஷன் வார்னிங் எல்லாம் வெளிய வரும், ரெகெக்ஸ்ல ரா ஸ்டிரிங் போடாம விட்ட பின்சாய்வுக்கோடுக்கு மட்டும் 3.12-ல இருந்து இது போடாமலே வார்னிங் வரும். இந்த வார்னிங்ல எத்தனையாவது வெர்ஷன்ல தூக்கப் போறாங்கன்னு பல வார்னிங்லயே எழுதியிருக்கும், அடுத்த அப்கிரேடுக்கு முன்னாடி மாத்த வேண்டியது எதுன்னு அந்தப் பட்டியல வெச்சே தெரிஞ்சுக்கலாம்.